முடிந்த படங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முறை: மலையில் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞருக்கான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படகர் சமூகத்தினர் வாழும் ஊர்) நடந்த திருமணத்திற்குப் படம் எடுத்தேன். இருபது நாளில் திருத்த வேலைகளை முடித்து, 1,400 படங்களையும் இணையத்தில் ஏற்றி, மாப்பிள்ளையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு, கணக்குப் புத்தகத்தில் அந்த வேலைக்கு நேரே ‘முடிந்தது’ என்று எழுதிக்கொண்டேன். ஒன்றரை மாதம் கழித்துக் கடைவீதியில் எதிர்ப்பட்ட பெண்ணின் தகப்பனார், “தம்பி, படமெல்லாம் எப்போது தருவீர்கள்?” என்று கேட்டார். மாப்பிள்ளை வேலைக்காகப் பெங்களூருக்குத் திரும்பியிருந்தார். லிங்க்கை ஒருமுறை திறந்து நாலைந்து படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டதோடு சரி. அதற்குள் லிங்க்கின் காலமும் முடிந்துபோயிருந்தது. ஹட்டியில் இருந்த பெரியவர்கள் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் அனுப்பியிருந்தேன், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதற்கு நான் இப்போது பின்பற்றும் முறைகளையே இங்கு எழுதுகிறேன்.

முன்பணம் வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டியவை

எந்தத் தளம் மலிவு, எதில் இடம் அதிகம் என்ற ஒப்பீட்டிலிருந்துதான் நம்மில் பெரும்பாலோர் தொடங்குகிறோம். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் உள்ளன. படங்களை முதலில் யார் திறப்பார், எந்தக் கருவியில் திறப்பார், திறந்தபின் அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறார் என்ற மூன்று விவரங்களையும் முன்பணம் வாங்கும்போதே கேட்டு, ரசீதின் பின்புறத்திலாவது குறித்துக்கொள்ள வேண்டும்.

விடைகள் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் பெரிதும் மாறுபடும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து பைக்காராவிலும் பைன் காட்டிலும் திருமணத்துக்கு முந்தைய படங்களை எடுத்துக்கொண்டு இரண்டாம் நாளே திரும்பிவிடும் இணையருக்கு லேப்டாப் உண்டு, நல்ல இணையம் உண்டு, பென் டிரைவைச் செருகும் பழக்கம் மட்டும் இல்லை. குன்னூரில் தங்கும் விடுதி நடத்துபவர் படத்தைத் தானே பார்ப்பதைவிட முன்பதிவுத் தளங்களுக்கும், அச்சகத்துக்கும், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கும் அனுப்புவதே அதிகம். ஹட்டியில் திருமணம் நடத்தும் குடும்பத்தில் படத்தை ஆசையோடு பார்ப்பவர்கள் கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்காரும் பாட்டியும் பெரியப்பாவும்தான், பணம் கொடுத்தவரோ மணமக்களோ அல்லர். “டிவியில் போட்டுப் பார்க்க முடியுமா?” என்பதே அங்கு நான் அதிகம் கேட்ட கேள்வி. இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதித் தீர்மானங்கள் தாமாக அமைந்துவிடும்.

நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: வீட்டில் சிக்னல் எப்படி? ஒரே ஊரில் மேட்டுத் தெருவில் எடுக்கும் சிக்னல் பள்ளத்துத் தெருவில் எடுக்காத மலை இது. படம் எடுக்கப் போகும் நாளிலேயே உங்கள் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டால் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எடையைக் கணக்கிடுதல்

வழியைத் தேர்வதற்கு முன் சுமை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் 6000-க்கு 4000 பிக்சல், உயர்ந்த தரத்தில் ஜேபெக் ஆக்கினால் சராசரியாக 10 எம்பி வரும். 1,400 படங்கள் என்றால் 14 ஜிபி. பதிவேற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் இருந்தால் இதை ஏற்ற மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வேகம் 2 மெகாபிட்டாக இருந்தால் பதினைந்தரை மணி நேரம், அதுவும் நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தை, நமக்கு வேண்டியதோ பதிவேற்ற வேகம். கணக்கிடும்போது பைட்டுக்கு எட்டு பிட் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலையில் எடுக்கும் படங்களுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. ஜேபெக் முறையில் நுணுக்கமான விவரம் கூடக் கூடக் கோப்பின் அளவும் கூடும். மூடுபனி சூழ்ந்த ஏரிக்கரையில் எடுத்த படம் 5 எம்பிக்குள் அடங்கிவிடும்போது, அதே கேமராவில் தேயிலைத் தோட்டத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படம் ஒவ்வோர் இலைக்கும் கணக்குக் கேட்டு 15 எம்பியைத் தாண்டிவிடும். ஆகவே போன வேலையின் அளவை வைத்து இந்த வேலையை மதிப்பிடாமல், திருத்தும் மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்புறையின் உண்மையான அளவைப் பார்த்துவிட்டே வழியைத் தீர்மானியுங்கள்.

முழு அளவுப் படங்களோடு, நீளப் பக்கம் 2048 பிக்சலாகக் குறைத்த இன்னொரு தொகுப்பையும் எப்போதும் ஏற்றுமதி செய்துகொள்வது நல்லது. 14 ஜிபி தொகுப்பு அப்போது ஏறத்தாழ ஒரு ஜிபிக்குள் வந்துவிடும். கைப்பேசியில் பார்ப்பதற்கும் உறவினருக்கு அனுப்புவதற்கும் அது தாராளமாகப் போதும். இரண்டு தொகுப்பும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியிலேயே (பெரும்பாலான திரைகள் எதிர்பார்க்கும் நிறக் குறியீட்டு முறை) இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் தந்தால், நிற மேலாண்மை இல்லாத தொலைக்காட்சிகளிலும் பழைய கணினிகளிலும் தேயிலைப் பச்சை வெளிறி, முகங்கள் சோகை பிடித்தாற்போல் தெரியும். பழி அவர்களுடைய தொலைக்காட்சியின் மேல் விழாது, உங்கள் மேல்தான் விழும்.

வாட்ஸ்அப்

வாடிக்கையாளர் எல்லோரும் கேட்பது இதைத்தான், தவறு அதிகம் நேர்வதும் இதில்தான். படத்தைப் படமாகவே அனுப்பினால் சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகக் குறைக்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்டி தேர்வு அளவைக் கூட்டித் தருகிறது என்றாலும் அதிலும் சுருக்கம் உண்டு. 1600 பிக்சல் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் ஐந்தரை அங்குலத்தைக்கூட எட்டாது. ஆல்பத்தில் வழக்கமாகப் போடும் 12-க்கு 36 அங்குல விரிப்புக்கோ (எதிரெதிரான இரு பக்கங்கள் சேர்ந்தது) அதே டிபிஐயில் 10,800 பிக்சல் நீளம் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே கடையில் கொடுத்துப் பெரிய ஃபிரேம் போட்டுவிட்டு, “உங்கள் கேமரா அவ்வளவு தெளிவில்லையே” என்று வருத்தப்பட்டவர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

நம் ஊர்ப் படங்களில் இந்தச் சுருக்கம் வேறு விதமாகவும் காட்டிக்கொடுக்கும். பனிமூட்டம், மேகம், மாலை வானம் ஆகியவற்றில் ஒரு சாயல் இன்னொன்றாக மெல்ல மாறும் இடங்கள் சுருக்கத்தில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். படகர் திருமணத்தில் அணியும் வெள்ளை உடையின் மடிப்புகளும் வெள்ளைத் தலைப்பாகையின் சுற்றுகளும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். நாம் மணிக்கணக்கில் உட்கார்ந்து வெள்ளைக்குள் கொண்டுவந்த விவரம் எல்லாம் அங்கே போய்விடுகிறது.

வாட்ஸ்அப்பை முற்றிலும் தவிர்க்கச் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்த மறுநாளே இருபது இருபத்தைந்து படங்களை அதில் அனுப்பினால் குடும்பம் மகிழும், அவசரமும் தணியும். ஆனால் அவை ‘பார்வைக்கு மட்டும்’ என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒன்றிரண்டு படங்களை அச்சுக்கு அவசரமாகக் கேட்டால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரை அப்படி அனுப்பலாம், கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

அப்படி மாறாமல் போகும்போது படத்துக்குள் பொதிந்திருக்கும் இடக்குறிப்பும் சேர்ந்தே போகும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். திருமணப் படத்துக்கு அது பெரிய விஷயமில்லை. காட்டு ஆர்க்கிட் பூத்திருக்கும் இடம், பருந்தின் கூடு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் சரிவு போன்றவற்றை எடுத்துக் கொடுப்பவர்கள் ஏற்றுமதி செய்யும்போதே இடக்குறிப்பை நீக்கிவிட வேண்டும். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் எங்கெல்லாம் ஏறி மிதித்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லிங்க் அனுப்புதல்

மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது ஒன்றிரண்டு படங்களுக்குத்தான். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அதற்கு மேல் என்றால் இணையச் சேமிப்பகம், கோப்பு அனுப்பும் தளம், வாடிக்கையாளர் கேலரி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பகத்தின் நன்மை, வாடிக்கையாளருக்கு அது ஏற்கெனவே பழக்கமானது என்பது. இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி, அஞ்சலுக்கும் டிரைவுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் என்பதால் ஒரு திருமணத்திலேயே அது நிரம்பிவிடும். தொழிலுக்கென்று பணம் கட்டி இடம் வாங்காமல் இந்த வழியைப் பின்பற்றுவது நீண்ட நாள் ஓடாது. பெரிய கோப்புறையை வாடிக்கையாளர் பதிவிறக்கும்போது கூகுள் அதைப் பல ஜிப் கோப்புகளாகப் பிரித்துத் தரும். அதில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, “தாலி கட்டும் படங்களே இல்லையே” என்று பதறி அழைப்பவர்கள் உண்டு. ஆகவே சடங்கு வாரியாகச் சிறிய கோப்புறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு ஜிபியைத் தாண்டாமல் வைத்தால் அந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, தங்கள் டிரைவில் ‘ஷார்ட்கட்’ சேர்த்துக்கொண்டதையே படங்கள் தங்களிடம் வந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிய அன்று அவர்களிடமும் ஒன்றும் இருக்காது. கூகுள் போட்டோஸ் ஆல்பமாகப் பகிர்பவர்கள் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்பதைத் தேர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைக் குறைத்துவிடும்.

திருமணத்துக்கென்றே புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, படங்களை அதில் போட்டு, கடவுச்சொல்லை மணமக்களிடம் கொடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. பார்க்க நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மூன்றாம் திருமண நாளுக்குத் திறந்து பார்ப்பவருக்குக் கணக்கே இல்லாமல் போகலாம்.

கோப்பு அனுப்பும் தளங்கள் பெயருக்கேற்ப அனுப்புவதற்கு மட்டுமே. இலவசமாக அனுப்பியவை சில நாட்களில் தாமாக அழிந்துவிடும். ஆல்பம் அச்சிடும் லேபுக்கு டிசைனை அனுப்பவும், அன்றே இறக்கிக்கொள்ளும் விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பவும் அவை பொருத்தமானவை. குடும்பங்களுக்குப் பொருந்தா. தவிர, ஒரே தளத்தை நம்பியிருப்பதும் நல்லதன்று. 2020 மே மாதத்தில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவின் பேரில் வீடிரான்ஸ்ஃபர் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. நாடடங்கு காலத்தில் நேரிலும் போக முடியாத நேரத்தில் அது நடந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பிக்ஸிசெட், பிக்டைம் போன்ற வாடிக்கையாளர் கேலரிகள் அழகாகக் காட்டுவதற்கும், விரும்பிய படங்களை ஒரு தொடுதலில் குறித்து ஆல்பத்துக்குச் செலக்‌ஷன் செய்வதற்கும் மிகவும் உகந்தவை. வெளியூர் இணையருக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன். முகத்தை அடையாளம் கண்டு அவரவர் படத்தை அவரவருக்குக் காட்டும் கியூஆர் கேலரிகளும் இப்போது திருமணங்களில் பரவலாகிவிட்டன. வாசலில் குறியீட்டை ஒட்டுவதற்கு முன் வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டுவிட வேண்டும். தன் பெண்ணின் படம் யார் யார் கைப்பேசிக்கெல்லாம் போகும் என்று கவலைப்படும் தாயின் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்க வேண்டுமல்லவா? பள்ளி ஆண்டு விழாப் படங்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். குழந்தைகளின் படங்களை எந்தத் திறந்த லிங்க்கிலும் வைக்காமல் பள்ளி அலுவலகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் தளமாக இருந்தாலும், ஏற்றுவதற்கு உலாவியைவிடக் கணினியில் நிறுவும் செயலியே மேல். இணையம் அறுபட்டால் உலாவியில் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், செயலி விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் இதற்காகக் கோவையில் ஆல்பம் அச்சிடக் கொடுக்கப் போகும் நாளில் லேப்டாப்பையும் எடுத்துப்போய், தங்கை வீட்டில் உட்கார்ந்து ஏற்றிவிட்டு வருகிறேன். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் இறங்குவது இங்கே ராத்திரி முழுக்க விழித்திருப்பதைவிட எளிது.

பென் டிரைவ் கொடுத்தல்

இணையம் எவ்வளவு வளர்ந்தாலும் நம் பகுதிக் குடும்பங்களுக்குக் கையில் கொடுக்கும் பொருளே முதன்மையான வழியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. டிவிடியின் காலம் முடிந்துவிட்டது. 4.7 ஜிபிதான் கொள்ளும், புதிய லேப்டாப் எதிலும் அதைப் போடும் இடமில்லை. பென் டிரைவ் என்றால் கடையில் ஒன்றை வாங்கி நகலெடுத்துக் கொடுத்துவிடுவதுதானே என்று தோன்றலாம். அதில் தவறுவதற்கு இடங்கள் பல உள்ளன.

முதலாவது, வாங்கும் பொருள். பெட்டியில் 128 ஜிபி என்று போட்டு உள்ளே அதில் கால்பங்குகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு. கணினியும் 128 என்றே காட்டும், உண்மையான கொள்ளளவைத் தாண்டியபின் எழுதப்படும் படங்கள் திறக்காது. புதிய டிரைவை ஒருமுறை முழுவதும் நிரப்பி, மறுபடி படித்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். இதற்கென இலவச மென்பொருள்கள் உள்ளன. 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59 ஜிபிக்குச் சற்று மேல் என்று காட்டுவது மட்டும் போலியின் அடையாளமன்று. தயாரிப்பாளர் பத்தின் மடங்கிலும் விண்டோஸ் இரண்டின் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

இரண்டாவது, ஃபார்மட், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை. பழைய தொலைக்காட்சிகள் ஃபேட்32 முறையில் உள்ள டிரைவைப் படிக்கும், எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளாது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் முழுத் திருமண வீடியோ அதில் ஏறாது. நான் இரண்டு டிரைவ் கொடுத்துவிடுகிறேன்: தொலைக்காட்சிக்கென 32 ஜிபியில் ஒன்று, ஃபேட்32 முறையில், சிறிய அளவுப் படங்களும் 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாக வெட்டிய வீடியோவும் வைத்தது, பத்திரப்படுத்துவதற்கு எக்ஸ்ஃபேட்டில் இன்னொன்று, முழு அளவுப் படங்களோடு. கூடுதலாகும் செலவை வேலைக்குச் சொல்லும் மொத்த விலையிலேயே சேர்த்துவிடலாம்.

தொலைக்காட்சி டிரைவில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. சில தொலைக்காட்சிகள் ‘புரோகிரசிவ்’ வகை ஜேபெக்கைத் திறக்க மறுக்கும், ஆகவே சாதாரண ‘பேஸ்லைன்’ வகையில் ஏற்றுமதி செய்யுங்கள். 4கே திரைக்கே 3840 பிக்சல் அகலம் போதும் என்பதால் அதற்கு மேற்பட்ட அளவு படத்துக்குப் படம் காத்திருக்க வைக்குமே தவிர வேறு பயன் தராது. கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் 0001, 0002 என்று நான்கு இலக்க எண்ணிலும் வையுங்கள். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் பல தொலைக்காட்சிகள் அதைக் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன. வெறும் 1, 2, 10 என்று எண்ணிட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து, மணமகன் அழைப்புக்கு முன்பே தாலி கட்டி முடிந்துவிடும்.

மூன்றாவது, ஈரம். குளிர்ந்த வெளியிலிருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் உலோக உடல் கொண்ட டிரைவின்மேல் நீர் கோக்கும். கொடுத்த கையோடு செருகச் சொல்லாமல் ஒரு காப்பி குடிக்கும் நேரமாவது பொறுத்திருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்ட சிறிய தகரப் பெட்டியோ மரப்பெட்டியோ இந்த ஊருக்கு ஏற்றது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடையுள்ள மாவட்டத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுப்பது அழகுமன்று, சட்டத்துக்கு ஏற்றதுமன்று. துணிப் பை தைத்துத் தரும் மகளிர் குழுக்களிடம் மொத்தமாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஸ்பீடு போஸ்ட் போதும், கண்காணிப்பு எண்ணை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் தேதி சொல்லும்போது மட்டும் தாராளமாகச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் சரிந்த மண் சாலைகளை அடைத்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும் கண்டவர்கள், ‘வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும்’ என்று எழுத்தில் உறுதி கொடுக்கத் தயங்குவார்கள். சமவெளியிலிருந்து நேரில் வந்து ஆல்பத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்பவருக்கு, நீலகிரிக்குள் வர 2024 மே முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள்.

விடுதிகள், தொழிற்சாலைகள்

வணிக வாடிக்கையாளருக்கு ஒரே தொகுப்பைப் பயன்பாட்டுக்கேற்ப மூன்று கோப்புறைகளாகத் தருவது பின்னால் வரும் பத்துத் தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்: அச்சுக்கு முழு அளவு, இணையதளத்துக்கு 2048 பிக்சல், இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 என்று வெட்டியவை. கோப்புப் பெயரில் விடுதியின் பெயரும் அறையின் பெயரும் இருக்கட்டும். இவர்களுக்கு லிங்க்கே போதும், நீண்ட காலம் உயிரோடு இருக்கும் லிங்க்காக இருக்க வேண்டும். பருவம் தொடங்கும் ஏப்ரலில் மறுபடி கேட்பார்கள்.

உரிமையும் ரா ஃபைலும்

‘மொத்த டேட்டாவையும் கொடுத்துவிடுங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பலர் திகைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கும் புகைப்படத்துக்கு, மாறான உடன்படிக்கை ஏதும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கேமராவைப் பிடித்தவருக்கே உரிமை என்று நம்மிடையே உலவும் நம்பிக்கை, கூலிக்கு எடுத்த படத்தில் செல்லாது. ஆகவே ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்யும் திருத்தப்படாத மூலக் கோப்பு) தரப்படுமா, தரப்பட்டால் கட்டணம் என்ன, உங்கள் பக்கத்தில் அந்தப் படங்களைப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்பவற்றை முன்பணம் வாங்கும் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ரா ஃபைலைத் தருவதில் எனக்குத் தனிப்பட்ட தயக்கம் உண்டு. அது வேக வைக்காத அரிசி, திறந்து பார்ப்பவர் அதையே நம் சமையல் என்று நினைத்துவிடுவார். கேட்டவர்களுக்கு அவர்களே வாங்கித் தரும் ஹார்ட் டிஸ்க்கில் தனிக் கட்டணத்துக்குக் கொடுக்கிறேன்.

பாக்கித் தொகை வரும்வரை படங்களை எப்படி நிறுத்தி வைப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. சிறிய அளவில் வாட்டர்மார்க் போட்ட படங்களைச் செலக்‌ஷனுக்குக் கொடுத்துவிட்டு, முழு அளவைப் பாக்கி தீர்ந்தபின் தருவது இரு தரப்புக்கும் நியாயமானது. வாட்டர்மார்க் ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும், மணப்பெண்ணின் முகத்தின் குறுக்கே ஸ்டூடியோ பெயரை அடிப்பவர்களை நான் பாராட்ட மாட்டேன்.

நம்மிடம் இருக்க வேண்டிய நகல்

ஒப்படைத்தபின்னும் நம் நகலை எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். நான் ஓராண்டு என்று எழுதுகிறேன், உண்மையில் அதற்கு மேலும் வைத்திருக்கிறேன், அதை வெளியே சொல்வதில்லை. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறோர் இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 முறை நமக்கும் பொருந்தும். ‘வேறோர் இடம்’ என்பது அதே சரிவில் இருக்கும் பக்கத்து வீடாக இல்லாமல் மலைக்குக் கீழே இருந்தால் மேல். பென் டிரைவை நம் நகலாக ஒருபோதும் எண்ண வேண்டாம், அது கொடுத்துவிடுவதற்கான பொருள்.

ஊட்டியில் ஹெச்.பி.எஃப். என்று இன்றும் பேருந்து நிறுத்தத்தின் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான ‘இந்து’ கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சான படங்கள் இந்த மலையின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. அவற்றைத் திறக்க யாருக்கும் கடவுச்சொல் தேவைப்படவில்லை. எனவே எந்த வேலையாக இருந்தாலும், ஆல்பம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும்கூட, பத்துப் படங்களையாவது 6-க்கு 8 அளவில் அச்சிட்டு உறையில் வைத்துக் கொடுங்கள். ஆல்பம் கொடுத்தால், மழைக்காலத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒப்படைக்கும் நாள்

முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வீட்டில் எல்லோரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போவது என் வழக்கம். தொலைக்காட்சி டிரைவை நீங்களே செருகி, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் படங்கள் வரும் என்று வீட்டில் இருக்கும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ கற்றுக்கொடுங்கள், பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் பத்துப் படமும், நடுவில் ஐந்தும், கடைசி ஐந்தும் திறக்கின்றனவா என்று பாருங்கள். முழு அளவு டிரைவைத் தனியே எடுத்து, எந்தப் பீரோவில் வைக்கப் போகிறார்கள் என்பதைக் கேளுங்கள், வெளியூரில் இருக்கும் மணமக்களுக்கு லிங்க்கை அங்கிருந்தே அனுப்பி, திறந்துவிட்டதாக அவர்களிடமிருந்து பதில் வரும்வரை காத்திருங்கள். பிறகு படங்களின் எண்ணிக்கை, டிரைவ்களின் எண்ணிக்கை, லிங்க் முடியும் தேதி, நம் நகல் இருக்கும் தேதி ஆகிய நான்கும் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்குப் புத்தகத்தில் ‘முடிந்தது’ என்ற சொல்லை இப்போதெல்லாம் இந்தத் தாளைக் கோப்பில் சேர்த்த பிறகுதான் எழுதுகிறேன்.